மொட்டை மாடியில் சினிமா: பெங்களூர் கோடைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராமமூர்த்தி நகர்ப் பக்கம் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டில் 24 வீடுகள். பாதித் தமிழ்க் குடும்பங்கள், மீதி கன்னடம், மலையாளம், தெலுங்கு. மூன்று கோடையாக மாடியில் படம் போடுகிறோம். விஷயம் பரவி, பக்கத்துக் கட்டடங்களிலிருந்தும் யோசனை கேட்டு வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த புரொஜெக்டர் வாங்கலாம்?"

புரொஜெக்டர் கீழே ஏழாவதாக வருகிறது. அதை முதலில் வாங்கியவர்கள் பலர், மாடியில் பிளக் பாயின்ட்டே இல்லை என்பதைக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். வரிசை முக்கியம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. கணக்கை இரவு பத்து மணியிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரில் ஏப்ரல் தொடக்கத்தில் சுமார் 6.30-க்குச் சூரியன் மறைகிறது. மே கடைசியில் 6.43 ஆகிவிடும். மறைந்தவுடன் இருட்டிவிடாது. வானம் வெளுத்திருக்கும் வரை திரையில் முகம் தெரியாது, நிழல்தான் தெரியும். ஏப்ரலில் 7.10, மே கடைசியில் 7.20, அதற்கு முன்னால் படம் தொடங்கிப் பயனில்லை.

மறுமுனையில் சட்டம் நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆக உங்கள் கையில் இருப்பது இரண்டே முக்கால் மணி நேரம். இடைவேளைக்குக் கால் மணி, கடைசியில் பத்து நிமிடம் கையிருப்பு என்று கழித்தால், படம் 2 மணி 20 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

புதியவர்கள் படத்தை முடிவு செய்துவிட்டு நேரத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் கிளைமாக்ஸில் வாட்ச்மேன் மேலே வந்து நிற்கிறார். மீதி அரை மணி நேரத்தைச் சத்தத்தைக் குறைத்து ஓட்டினால் யாருக்கும் வசனம் கேட்காது, நிறுத்தினால் 40 பேர் உங்களைத்தான் முறைப்பார்கள்.

2. தேதியைக் குறிக்கும்முன் மூன்றைப் பாருங்கள்

முதலாவது, ஐபிஎல் அட்டவணை. மாலை ஆட்டம் 7.30-க்குத் தொடங்கும், உங்கள் படமும் அதே நேரம்தான். பெங்களூர் அணி ஆடும் நாளில் போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பெங்களூரும் சென்னையும் மோதும் நாளில் நம் ஆட்கள் ஒருவர்கூட வரமாட்டார்கள். நானே போகமாட்டேன்.

இரண்டாவது, தேர்வு. ஏப்ரல் நடுவில் பெரும்பாலான பள்ளிகள் விடுமுறை விடும்வரை பொறுங்கள். பிள்ளைகள் வந்தால்தான் பெற்றோர் வருவார்கள்.

மூன்றாவது, மழை. இங்கே ஏப்ரலைவிட மே மாதத்தில் மழை அதிகம், அதுவும் பெரும்பாலும் மாலையில் இடியோடு வரும். அதனால் ஏப்ரல் பின்பாதி எங்களுக்குப் பிடித்த காலம். பகலில் 34 டிகிரி கொளுத்தினாலும், ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எட்டு மணிக்குக் காற்று இதமாகிவிடும். எந்தத் தேதியானாலும், மாற்றுத் தேதி ஒன்றையும் சேர்த்தே அறிவியுங்கள்.

3. அனுமதி: அசோசியேஷன், மேல்மாடி வீடு, காவல் நிலையம்

அசோசியேஷனிடம் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் போதாது. பிறகு ஒருவர் புகார் சொன்னால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவரை நேரில் போய்ப் பாருங்கள். நாற்பது ஜோடிக் கால்களும் இழுபடும் நாற்காலிகளும் அவர் தலைமேல்தான். எங்கள் மேல்தளத்தில் இருக்கும் பெரியம்மா ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார். முதல் வருடம் அவரிடம் சொல்லாமல் போட்டோம், மறுநாள் காலை லிஃப்டில் ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வருடம் ஒரு வாரம் முன்பே போய், "பெரியம்மா, சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் பொறுத்துக்குங்க" என்றேன். "நாற்காலி போடாதே, பாய் போடு" என்றார். அது நல்ல யோசனை என்று ஆறாவது பகுதிக்கு வரும்போது தெரியும்.

ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலமான அனுமதி தேவை என்பதும் அதே 2000 விதிகளில் இருக்கிறது. வெளியாட்களையும் அழைத்து, பெரிய ஸ்பீக்கர் வைத்து, தெருவுக்குக் கேட்கும்படி போடுவதாக இருந்தால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுத்துவிடுங்கள். டிக்கெட் போட்டுக் காசு வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது.

4. படம்

ஓடிடி சந்தா நம் வீட்டாரோடு பார்ப்பதற்கு. 24 வீட்டைக் கூட்டிப் போடுவது அதில் அடங்காது, பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் அது பொதுத் திரையிடலாகிவிடும். ஆகவே மூன்று வழிகள் உண்டு: உரிமையாளரிடம் எழுதி அனுமதி வாங்குவது, உரிமைக்காலம் முடிந்த பழைய படம், அல்லது குறும்படங்கள்.

1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை. 1964-இல் வந்த படத்துக்கு 2024 முடிவோடு அது தீர்ந்தது. ஆனால் புதுப்பித்தோ வண்ணம் சேர்த்தோ விற்கப்படும் பிரதிக்குத் தனியாக உரிமை கோரலாம், அதைத் தொடாதீர்கள்.

பழைய தமிழ்ப் படங்களில் ஒரு சங்கடம், நீளம். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும், முதல் பகுதியில் போட்ட கணக்கு உதைக்கும். நாங்கள் கண்ட வழி: இடைவேளை வரை சனிக்கிழமை, மீதி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை வராதவர்கள் ஞாயிறு காலை மார்க்கெட்டில் கதை கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்கள்.

குறும்படங்கள்தான் எளிது. இந்த ஊரில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே படம் எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. கேட்டால் மகிழ்ச்சியோடு ஒரு மின்னஞ்சலில் அனுமதி தருவார்கள், நேரில் வந்து உட்காரவும் செய்வார்கள். பல மொழிக்காரர்கள் இருந்தால் சப்டைட்டில் கட்டாயம். கோப்பை அன்றைக்குப் பயன்படுத்தும் அதே கருவியில் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ் எழுத்து, புரொஜெக்டரின் சொந்தப் பிளேயரில் கட்டம் கட்டமாக வரும்.

5. மாடியை இரவில் போய்ப் பாருங்கள்

பகலில் பார்த்து இடம் குறிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இரவு 7.30-க்கு மேலே ஏறுங்கள். தெருவிளக்கு எந்தப் பக்கம், எதிர்க்கட்டடத்து பால்கனி விளக்கு எங்கே அடிக்கிறது, கடை போர்டு வெளிச்சம் எவ்வளவு தூரம் வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். திரையின் முகம் இவை எல்லாவற்றுக்கும் முதுகு காட்ட வேண்டும். கட்டடத்துக்குள் இருக்கும் விளக்கை அணைக்கலாம், தெருவில் இருப்பதை அணைக்க முடியாது.

பிளக் பாயின்ட்டையும் தேடுங்கள். பெரும்பாலும் லிஃப்ட் மெஷின் அறையிலோ தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலோ ஒன்று இருக்கும். அது வேலை செய்கிறதா, ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பிடிச் சுவரிலிருந்து ஆறடிக்கு யாரும் உட்காராதபடி கயிறு கட்டுங்கள். சுவரோரம் நாற்காலி கிடந்தால் ஏதோ ஒரு குழந்தை அதில் ஏறும். இதில் மட்டும் யார் முகத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

6. திரை

முதல் வருடம் நாங்கள் துணி காயப்போடும் கம்பியில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினோம். கிளிப் போட்டாயிற்று, வெள்ளையாகத்தான் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று இருந்தோம். விளக்கை அணைத்ததும் முதலில் தெரிந்தது மடிப்பு: நடுவில் ஒரு சிலுவை, கதாநாயகியின் மூக்கு வழியாக. அடுத்து, மெல்லிய துணியைத் துளைத்துப் போன வெளிச்சம் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மேல் இன்னொரு படத்தைக் காட்டியது. 7.40-க்குக் காற்று எழுந்தது. விரிப்பு பாய்மரம் மாதிரி உப்பி அமுங்கியது, கதாநாயகன் முகமும் அதோடு உப்பி அமுங்கியது. "மாமா, ஹீரோ மூச்சு விடறாரு!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பொடியன் கத்தினான். அப்புறம் யாரும் கதையைக் கவனிக்கவில்லை.

அதிலிருந்து கற்றது: சுவர் கிடைத்தால் துணியைத் தேடாதீர்கள். மாடிப்படி வந்து ஏறும் அந்தச் சின்ன அறையின் வெளிச்சுவர் பல கட்டடங்களில் பத்தடி அகலமாவது இருக்கும். பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் போதும். காற்றில் ஆடாது, மழையில் நனைந்தாலும் காயும், மடித்து வைக்கவும் வேண்டாம். பளபளப்புப் பெயின்ட் வேண்டாம், புரொஜெக்டர் வெளிச்சம் நடுவில் ஒரு வட்டமாகக் கண்ணில் அடிக்கும். ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தைத் திரையாக்குகிறவர்களுக்கும் இதே தொல்லைதான்.

சுவர் இல்லையென்றால் சிக்பேட்டைக்குப் போய், ஜன்னல் திரைக்குப் பின்னால் தைக்கும் வெள்ளை பிளாக்அவுட் துணி கேளுங்கள். வெளிச்சம் ஊடுருவாது, கனமானது. ஜன்னல் திரைத் துணி வழக்கமாக 54 அங்குல அகலத்தில் வரும், அதாவது நாலரை அடி. எட்டடி நீளம் வெட்டி வாங்கினால் ஒட்டுத்தையல் இல்லாமல், ஓரம் மடித்துத் தைத்தபின், 7.5 அடிக்கு 4.2 அடி படம் கிடைக்கும். இது இன்றைய அகலத்திரைப் படத்தின் 16-க்கு 9 அளவுதான். நாற்பது பேருக்கு இதுவே தாராளம். பெரிய திரை வேண்டுமென்று துணியை நடுவில் ஒட்டுப்போட்டுத் தைக்காதீர்கள், தையல் கோடு படம் முழுக்கத் தெரியும்.

நான்கு ஓரத்திலும் ஓரடிக்கு ஒன்றாக பேனர் கடையில் பித்தளை வளையம் அடித்துக்கொள்ளுங்கள். மேல்பக்கத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். பக்கங்களையும் கீழ்ப்பக்கத்தையும் கயிற்றால் கட்டாதீர்கள். பழைய சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டி அதால் கட்டுங்கள். காற்று வீசும்போது டியூப் நெகிழ்ந்து கொடுத்து, நின்றதும் இழுத்துக்கொள்ளும். கயிறாக இருந்தால் வளையத்தோடு துணி கிழிந்து வரும். துணியைத் தாங்கி நிற்கும் ஃபிரேமின் கால்களுக்குப் பாரமாக 20 லிட்டர் தண்ணீர் கேன்களைக் கட்டுங்கள், ஒவ்வொன்றும் 20 கிலோ. எல்லார் வீட்டிலும் இருக்கும், இடைவேளையில் குடிக்க எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உயரம்: படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடியாவது மேலே இருக்கட்டும். தாழ்ந்தால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். பெரியம்மா சொன்ன பாய் இங்கேதான் கைகொடுக்கிறது. பாயில் உட்கார்ந்தவர் தலை மூன்றடிக்குள் நிற்கும். முட்டிவலிக்காரர்களுக்கு மட்டும் கடைசி வரிசையில் நாற்காலி போடுங்கள். தரை டிக்கெட்டுக்கு என்றைக்கும் மவுசு உண்டு.

7. புரொஜெக்டர்

வாங்காதீர்கள், முதல் வருடமாவது. வாடகைக்கு எடுங்கள், அல்லது அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் லூமன்ஸை, அதாவது வெளிச்சத்தின் அளவை, பார்க்காதீர்கள். தரப்படுத்திய முறையில் அளந்த "ஆன்சி லூமன்ஸ்" எத்தனை என்று கேளுங்கள். மலிவு விலைப் பெட்டிகளில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நகரத்து மாடியில் முழு இருட்டு கிடைக்காது, அதனால் 7.5 அடித் திரைக்கு 2500 முதல் 3000 ஆன்சி லூமன்ஸ் எடுத்தால் நிம்மதி.

எவ்வளவு தூரத்தில் வைப்பது? புரொஜெக்டரின் விவரத்தாளில் திரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். அதைத் திரையின் அகலத்தால் பெருக்குங்கள். எண் 1.5 என்றால், 7.5 அடித் திரைக்கு சுமார் 11 அடி. கூட்டத்தின் நடுவில்தான் வரும். அதனால் முதலில் அதன் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, அப்புறம் பாய் விரியுங்கள். நடைபாதையை ஓரமாக விடுங்கள், இல்லாவிட்டால் கழிப்பறைக்குப் போகிற ஒவ்வொருவரும் படத்தில் நடிப்பார்கள்.

பெரும்பாலான புரொஜெக்டர்கள் லென்ஸ் மட்டத்திலிருந்து மேல்நோக்கியே படத்தை வீசும். ஆகவே லென்ஸ் திரையின் கீழ்விளிம்பு மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும்படி உயரமான மேசையில் வையுங்கள். தாழ வைத்து மூக்கைத் தூக்கினால் படம் மேலே அகன்று கீழே குறுகும். கீஸ்டோன் பொத்தானால் அதைச் சரிசெய்யலாம், ஆனால் கூர்மை குறையும்.

8. ஒலி

குடியிருப்புப் பகுதிக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை விதித்த அளவு 55 டெசிபல், இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம் போலத்தான். பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் திரைக்குக் கீழே வைத்து அலறவிட்டால், கடைசி வரிசைக்குக் கேட்பதற்குள் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டுவிடும்.

தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். அதனால் சின்ன ஸ்பீக்கர்கள் நான்கை ஆட்களுக்குப் பக்கத்தில், உள்நோக்கித் திருப்பி, குறைந்த ஒலியில் வையுங்கள். உட்கார்ந்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும், சுவரைத் தாண்டும்போது மங்கிவிடும்.

புளூடூத் வேண்டாம். உதடு முன்னால் போகும், குரல் பின்னால் வரும். வயர்தான். ஸ்பீக்கரை இணைக்கும் ஆக்ஸ் வயரைப் பத்து மீட்டர் நீளத்தில் முன்பே வாங்கி வையுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காமல் போவது எப்போதும் அதுதான்.

9. மின்சாரம்

கோடை மழை வரும் நாளில் மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் இருந்தாலும் அது எடுத்துக்கொள்ளச் சில விநாடிகள் ஆகும். விளக்கு வைத்த புரொஜெக்டர் அந்த இடைவெளியில் அணைந்தால், சூடு ஆறி மறுபடி எரிய நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யூபிஎஸ் ஒன்று அந்தச் சில விநாடிகளைத் தாண்ட வைக்கும். ஸ்பீக்கரை அதில் மாட்டாதீர்கள், புரொஜெக்டரும் லேப்டாப்பும் மட்டும்.

வயர் சுருளை முழுவதும் அவிழ்த்து விரியுங்கள், சுருளாகவே விட்டால் சூடேறும். தரையில் போகும் வயர்மேல் அகல டேப் ஒட்டுங்கள். இணைப்புகள் தரையில் கிடக்கக்கூடாது, ஒரு செங்கல்மேலாவது இருக்கட்டும்.

10. முந்தைய இரவு ஒத்திகை

அதே நேரம், அதே வயர், அதே கோப்பு. பத்து நிமிடம் ஓட்டினால் போதும். வாடகைக்கு வந்த புரொஜெக்டரை நாங்கள் ஒருமுறை ஒத்திகை பார்க்காமல் விட்டோம். பையைத் திறந்தால் எச்டிஎம்ஐ துளை தளர்ந்துபோய், வயரைக் கையால் பிடித்தால்தான் படம் வந்தது. நானும் என் மைத்துனரும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே ஒரு முழுப் படம் பார்த்தோம்.

11. அன்றைய மாலை

ஐந்தே காலுக்குத் தரையில் தண்ணீர் தெளியுங்கள். சிமென்ட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில் விடும், பாய்மேலும் சுடும். ஆறு மணிக்கு மேல் தெளித்தால் காயாது. குடிநீரைக் கொட்டாதீர்கள். 2024 கோடைத் தட்டுப்பாட்டில், குடிநீரைக் கண்டபடி செலவழித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் பிடித்து வைத்தால் போதுமானது.

ஆறு மணிக்குத் திரை, ஆறரைக்கு வயர்கள், ஏழுக்குப் பாயும் ஜமக்காளமும். ஏழு மணிக்கே பாட்டு ஏதாவது ஓடவிடுங்கள், ஆட்கள் மேலே ஏறிவர அது ஒரு சாக்கு.

கொசுவுக்கு இரண்டு பக்கமும் நின்று சுழலும் மின்விசிறி, சுருளைவிட நல்லது. முதல் நாள் மழை பெய்திருந்தால் ஈசல் கிளம்பும். நேராக லென்ஸுக்கு வரும், ஒவ்வொன்றும் திரையில் பருந்து அளவுக்குத் தெரியும். மாடியின் தூர மூலையில் ஒரு பல்பை, திரைமேல் வெளிச்சம் படாமல் மறைத்து, ஆறே முக்காலுக்கே எரியவிடுங்கள். பெரும்பாலானவை அங்கே போய்விடும்.

தீனி: சுண்டல், வேர்க்கடலை, மாங்காய்ப் பத்தை, சுருமுரி என்று இங்கே சொல்லும் மசாலாப் பொரி. பொட்டலமாக மடித்துக் கொடுங்கள். பாப்கார்ன் காற்றில் பறக்கும், சிப்ஸ் பாக்கெட் வசனத்தைத் தின்னும்.

12. வானம் கறுத்தால்

அன்று பிற்பகலிலிருந்தே தாமினி செயலியைப் பாருங்கள். உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் காட்டும். கண்ணால் பார்க்கும் கணக்கும் உண்டு: மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே எல்லோரையும் இறக்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை மேலே ஏற வேண்டாம்.

இறக்கும் வரிசையையும் முன்பே பேசிவையுங்கள்: முதலில் பிள்ளைகளும் பெரியவர்களும், அடுத்து மெயின் ஸ்விட்ச், அப்புறம் புரொஜெக்டர். திரை நனைந்தால் நனையட்டும். "இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு" என்று எப்போதும் ஒருவர் சொல்வார், அவரை முதலில் அனுப்புங்கள்.

13. 9.50-க்குப் பிறகு

புரொஜெக்டரை அணைத்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். உள்ளே விசிறி நிற்கும்வரை காத்திருங்கள், சூட்டோடு மூடினால் விளக்கின் ஆயுள் குறையும். அதற்குள் பாய்களைச் சுருட்டிவிடலாம். துணித் திரையை மடிக்காமல் ஒரு பிவிசி குழாயில் சுற்றி வையுங்கள். சுண்டல் சிந்திய இடத்தைக் கூட்டாமல் கீழே இறங்கினால், காலையில் மாடி முழுக்கப் புறா, பெரியம்மாவின் வடகம் காயப்போட இடமிருக்காது.

படியிறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.